வளைவின் நடுவே இரண்டரை

ஜூலை 2

அக்கா,

ஒன்பது மாதம் கழித்து எழுதுகிறேன். போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் பாதியில் கத்திவிடுவேன், கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிடுவேன். பேனாவால் கத்த முடியாது. நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பாய், அது உன் வாயில் எதற்கும் வரும்.

விஷயம் உனக்கு எட்டியிருக்கும். போன மாதம் பதினொன்றாம் தேதி காலை, மழையில், நம் மலைச் சாலையின் பெரிய வளைவில் ஒரு வேன் வழுக்கி, வெளிப்பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. டிரைவரும் பக்கத்தில் இருந்த நர்ஸும் அங்கேயே போய்விட்டார்கள். அந்தம்மா காலை ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வளைவுக்கு மட்டம் வைத்துக் கொடுத்தவன் நான்.

விசாரணைக்காரர்கள் வந்து அளந்தார்கள். வளைவில் சாலை உள்பக்கமாக நூற்றுக்கு ஆறு சாய்ந்திருக்க வேண்டுமாம், இரண்டரைதான் சாய்ந்திருக்கிறது. ஓரத்துக்கு ஓரம் ஒரு சாண் வித்தியாசம். ஈர ரோட்டில் வண்டியை வெளியே தள்ள அது போதும். உங்கள் ஆபீஸ் கொடுத்த வரைபடத்தில் ஆறு என்றே இருக்கிறதாம். வரைபடம் சரி, சர்வேக்காரன்தான் தப்பு என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது. கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு. ஆகஸ்ட் பதினெட்டு விசாரணை. இரண்டு வருஷம் உள்ளே இருக்க வேண்டி வரலாம் என்று வக்கீல் பல்லைக் குத்திக்கொண்டே சொல்கிறார்.

என் கையில் இருந்த பதினான்காம் ஷீட்டில் இரண்டரை என்று இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். அந்த இடத்துக்கு உயரங்களைச் சொல்லும் மட்டப் பட்டியல் வந்து சேரவில்லை, அதனால் ஷீட்டில் இருந்த சாய்வைப் பார்த்து நானே கணக்குப் போட்டு வைத்தேன். இப்போது அந்தக் காகிதம் இல்லை. வேலை முடிந்ததும் ஷீட்டுகளை எரித்துவிடுவது சைட் வழக்கம், உனக்கே தெரியும்.

அந்தச் சாலையின் ஷீட்டுகளுக்கு லேபிள் போட்டவள் நீ. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். பதினான்காம் ஷீட்டில் அன்றைக்கு என்ன எழுதியிருந்தது? அதை மட்டும் சொல்.

தம்பி

ஜூலை 9

என் நெட்டைக்கு,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேல்வீட்டுக்காரர் "என்னம்மா மயக்கமா?" என்று கேட்டார். தம்பி கடிதம் போட்டிருக்கான் என்றேன். கடிதமா என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். நீ திட்டி எழுதியிருந்தாலும் பரவாயில்லை என்றுதான் பிரித்தேன். நீ திட்டக்கூட இல்லையே, நெட்டை.

சாப்பிடுகிறாயா? வேலை இல்லாமல் அறைக்குள்ளேயே கிடக்காதே. உன் மாமா கேட்டதாகச் சொல்லச் சொன்னார். பெண்ணுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, கண்ணாடி போட்டுவிட்டாள். மூக்கு அப்படியே அப்பா மூக்கு, கண்ணாடி நிற்கவே மாட்டேன் என்கிறது.

ஷீட் விஷயம். ஃபைலைத் திறந்து பார்த்தேன். வளைவில் ஆறு என்றுதான் இருக்கிறது. இந்த மென்பொருளில் லேபிள் என்பது நாம் கையால் எழுதுவது இல்லை என்று உனக்குத் தெரியாததா? சாலைக் கோட்டோடு கட்டிப் போட்டது அது. கோட்டை நகர்த்தினால் எண்ணும் தானாக மாறிவிடும். நாங்கள் செய்வதெல்லாம் எழுத்து எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று பார்ப்பதுதான். எண் எங்கள் கையில் இல்லை.

உனக்கு அந்தச் சமயத்தில் மனசு சரியில்லை, அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மழை வேறு, காகிதம் நனைந்திருக்கும். ஆறு என்பதை வேறு மாதிரி படித்திருக்கலாம் இல்லையா? குற்றம் சொல்லவில்லை. யாருக்கும் நடக்கிறதுதான். வேண்டுமானால் வேறு நல்ல வக்கீலாகப் பார்க்கலாம், உன் மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்.

பதில் போடு. ஒரு வரியானாலும் சரி.

அக்கா

ஜூலை 14

அக்கா,

ஒரு வரி கேட்டாய். கொஞ்சம் கூடவே தருகிறேன்.

பன்னிரண்டு வருஷமாக உன் ஷீட்டுகளை வெயிலிலும் மழையிலும் படித்தவன் நான். ஆறுக்கும் இரண்டரைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு என் கண் அவிந்துபோகவில்லை. வளைவுக்கு முன்னால் நாலு என்று எழுதியிருந்தது. வளைவின் நடுவில் மூன்று இடத்தில் இரண்டரை. தாண்டினால் மறுபடி நாலு. இதை நான் நனைந்த காகிதத்திலிருந்து கற்பனை செய்தேன் என்கிறாயா? நாலுக்கும் நாலுக்கும் நடுவே இரண்டரை என்று சாலையை வெட்டிப் போட்டிருக்கிறேன், இன்றைக்கும் போய் அளந்து பார்க்கலாம். தப்பாகப் படிக்கிறவன் மூன்று முறையும் ஒரே எண்ணாகவா படிப்பான்?

"குற்றம் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறாய். மருத்துவமனையிலிருந்து பேசும்போதும் உனக்கு இதே இனிமையான குரல்தான். "சாதாரணக் காய்ச்சல்டா, நீ வேலையை முடிச்சிட்டு மெதுவா வா." நான் மெதுவாக வந்தேன். நான் வந்தபோது அப்பாவின் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். டாக்டர் உன்னிடம் மூன்று நாள் முன்பே சொல்லியிருக்கிறார், அதைப் பூசி மெழுகி என்னிடம் காய்ச்சல் என்றாய். "நீ பதறக்கூடாதுன்னுதான்டா" என்றாய் அப்புறம்.

இப்போதும் நான் பதறக்கூடாது என்று ஏதாவது வைத்திருக்கிறாயா?

மாமாவின் வக்கீல் வேண்டாம். பல் குத்துகிறவரே போதும்.

தம்பி

ஜூலை 27

நெட்டை,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஐந்தாவது இது, எப்படி வந்தாலும் அனுப்பிவிடுவேன்.

நீ படித்தது சரி. இரண்டரை என்றுதான் இருந்தது. எழுதியவள் நான்.

எப்படி என்று சொல்கிறேன். முதலில் வளைவு இவ்வளவு இறுக்கமில்லை, அப்போது அதற்கு இரண்டரை சரியான சாய்வுதான். பதினான்காம் ஷீட்டில் அந்த இடத்தில் தூரத்துக்கு ஒரு லேபிள், வடிகால் மட்டத்துக்கு ஒன்று, சாய்வுக்கு ஒன்று என்று எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. எங்கள் சிவப்புப் பேனாக்காரரைத் தெரியுமே உனக்கு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். வட்டம் போட்டு "படிக்க முடியவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். நான் லேபிளைப் பிடித்து ஓரமாக இழுத்து வைப்பேன், ஃபைலைத் திரும்பத் திறந்தால் பழைய இடத்துக்கே ஓடிவிடும். மூன்று தடவை அனுப்பினேன், மூன்று தடவையும் வட்டம். அன்றைக்கு மாலைக்குள் செட் போக வேண்டும். அப்பாவை அன்றைக்குத்தான் மருத்துவமனையில் சேர்த்திருந்தேன்.

அதனால் அந்த மூன்று சாய்வு லேபிளிலும் கோட்டோடு தானாக மாறும் எண்ணை அழித்துவிட்டு, 2.5 என்று சின்னதாகக் கையால் தட்டிவிட்டேன். நீளம் குறைந்தது, இடம் கிடைத்தது. சிவப்புப் பேனாக்காரர் சரி என்றார். கையால் தட்டிய லேபிள் அப்புறம் கோட்டின் பேச்சைக் கேட்காது. அது எனக்குத் தெரியும். எங்கள் அறையில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அதைச் செய்யக்கூடாது என்று சொல்கிறவளே நான்தான்.

மூன்று வாரம் கழித்து, பாறை குறுக்கே வருகிறது என்று சாலையை உள்ளே தள்ளினார்கள். வளைவு இறுகியது. நான் திரையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். லேபிள்கள் எல்லாம் கண் முன்னால் தானாக மாறின, இரண்டரை நாலாகிறது, ஐந்தாகிறது. அப்பா போய் ஆறு நாள். எல்லாம் மாறுகிறது, சரி என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த மூன்றும் மாறவில்லை. நான் பார்க்கவில்லை.

இதுவரைக்கும் சொன்னது தப்பு. இனிமேல் சொல்வதற்கு நீ என்ன பெயர் வைத்தாலும் சரி.

விபத்துச் செய்தி வந்த மறுநாள் அந்த ஃபைலைத் திறந்தேன். கோட்டைத் தொட்டால் ஆறு என்கிறது, மேலே எழுதியிருப்பது இரண்டரை. கையால் எழுதியதை நீக்குவதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு லேபிளுக்கு இரண்டு சொடுக்கு, அவ்வளவுதான். மூன்றும் ஆறாகிவிட்டன. இரண்டு நாள் கழித்து மேனேஜர் வந்து, "விசாரணைக்கு செட் கேக்கறாங்க, ஒண்ணு பிரிண்ட் போட்டுக் கொடுங்க" என்றார். மூலையில் பழைய தேதியோடு எடுத்துக் கொடுத்தேன். அப்போது உன் பெயரை யாரும் சொல்லவில்லை. காண்ட்ராக்டரைப் பிடிப்பார்கள், அவர்களுக்குப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், சமாளித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க ஆசைப்பட்டேனா தெரியவில்லை.

அப்பா விஷயத்தில் நீ சொன்னதும் சரிதான். நான் அப்படித்தான். எதையாவது மூடி வைத்து, எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று காட்டிக்கொண்டு, உள்ளே நான் மட்டும் செத்துக்கொண்டிருப்பேன். யாரும் கேட்டுக்கொள்ளாத சேவை.

சாலையை உள்ளே தள்ளிய பிறகு சைட்டுக்கு அனுப்பிய ஷீட்டின் பிரதி என் கணினியில் இன்னும் இருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நீ வெளியே வந்துவிடுவாய். நான் உள்ளே போவேன், எண்ணை மாற்றியதற்காகக் கூடவே இன்னொரு வழக்கும் வரும். உன் மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. பெண் எதிரே வந்தால் சமையலறைக்குப் போய்விடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, நெட்டை.

ஒன்று கேட்கிறேன், சண்டைக்காக இல்லை. நாலு, இரண்டரை, நாலு என்று நீயே எழுதியிருக்கிறாய். வளைவின் நடுவில் சாய்வு ஏறத்தானே வேண்டும், இறங்குமா? முந்தின மூன்று சாலைகளிலும் இப்படி ஏதாவது இடித்தால் சைட்டிலிருந்தே கூப்பிட்டு, "என்னக்கா, ஷீட் ஏழுல தூங்கிக்கிட்டே எழுதினியா?" என்பாயே. பாதித் தப்பை நீ கேட்டுக் கேட்டுத்தானே நான் திருத்தியிருக்கிறேன். இந்த முறை உனக்குத் தோன்றவே இல்லையா?

அக்கா

ஆகஸ்ட் 3

அக்கா,

தோன்றியது.

அதைக் கேட்கமாட்டாய் என்று நினைத்துத்தான் அந்த நாலு, இரண்டரை, நாலைக் கோபத்தில் எழுதினேன். எழுதி அனுப்பிய பிறகுதான், என் வாயாலேயே மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது.

வளைவில் நின்று ஷீட்டை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தேன். நடுவில் இடித்தது. காண்ட்ராக்டரின் மேஸ்திரியே கேட்டார், "என்ன சார், நடுவுல பள்ளம் விழுந்த மாதிரி இருக்கே?" வடிகாலுக்காக இருக்கும் என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். பிறகு ஜீப்புக்குப் பின்னால் போய் போனை எடுத்தேன். உன் பெயர் மேலேயே இருந்தது. அப்பா போய் அப்போது ஒரு மாதம்தான். இவளிடம் நான் போய்க் கேட்கவா என்று தோன்றியது. எழுதினது அவள், தப்பாக இருந்தால் அவள்பாடு என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். போனைப் பையில் வைத்தேன். ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டிருக்கலாம், கேள்விக் கடிதம் எழுதியிருக்கலாம். எழுதினால் அது உன் மேஜைக்குத்தான் வரும், வேண்டாம் என்று விட்டேன்.

திரும்பி வந்து, "ஷீட்ல உள்ளபடி போடுங்க" என்று மேஸ்திரியிடம் சொன்னேன்.

இத்தனை நாளும் தப்பெல்லாம் உன் பக்கம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உன் கடிதம் வந்தபோது முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கடைசிப் பத்தி வரைக்கும் சந்தோஷம்.

பிரதியைக் கொடு என்றும் சொல்லமாட்டேன், கொடுக்காதே என்றும் சொல்லமாட்டேன். கொடு என்றால் என் தோலைக் காப்பாற்றச் சொல்வது. கொடுக்காதே என்றால் பெரிய தியாகி வேஷம், அது எனக்குப் பொருந்தாது. ஆனால் நீ என்ன செய்தாலும், பதினெட்டாம் தேதி நான் போன் விஷயத்தைச் சொல்லத்தான் போகிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 12

நெட்டை,

நேற்று விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். பிரதியும், நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட நான்கு பக்கமும். முதலில் மேனேஜரிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு, "யோசிச்சுப் பண்ணுங்கம்மா, உங்களோட போகாது இது, ஆபீஸையே இழுக்கும்" என்றார். யோசித்துத்தான் இரண்டு மாதம் போய்விட்டது என்றேன். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். பக்கத்து மேஜைக்காரி பத்து வருஷம் என்னோடு ஒன்றாக டீ குடித்தவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கும் இரண்டு பிள்ளைகள்.

உன் மாமாவிடம் அதற்கு முந்தின நாள் சொன்னேன். டிவியை அணைத்தார். பிறகு, "தம்பிக்காகவா?" என்று கேட்டார். இல்லை, எழுதினது நான், அதுக்காக என்றேன். உண்மையில் இரண்டும்தான். அவருக்கு வலிக்கக்கூடாது என்று பாதியை மறைத்தேன், பார் என் புத்தியை. அப்புறம் சமையலறைக்குப் போய் இரண்டுக்காகவும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையை ஆட்டினார். பெண்ணிடம் அவரே சொல்கிறேன் என்றிருக்கிறார்.

நீ போன் விஷயத்தைச் சொல்லாதே. உன்னை யாரும் கேட்கப்போவதில்லை. ஷீட்டில் இருந்தபடி வைத்தேன் என்று சொன்னால் போதும், வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு பேரும் மாட்டிக்கொண்டு யாருக்கு என்ன லாபம்?

எழுதிவிட்டுத்தான் பார்க்கிறேன், மறுபடி மூடி வைக்கவே சொல்கிறேன். அந்த வரிகளை அடிக்காமல் அப்படியே விடுகிறேன். உனக்கு எது சரியோ அதைச் செய்.

அக்கா

ஆகஸ்ட் 20

அக்கா,

விசாரணை முடிந்தது. என்மேல் வழக்கு இல்லை என்று எழுதிவிடுவார்களாம். உன் பெயரைச் சேர்க்கிறார்கள், செப்டம்பரில் சம்மன் வரும். வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் உன்னோடு வருவேன், எத்தனை தடவை கூப்பிட்டாலும் வருவேன்.

அதிகாரி நல்ல மாதிரிதான். உன் பிரதியையும் சாலை அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பொருந்தியது. "அப்ப நீங்க ஷீட்ல இருந்தபடிதான் வச்சிருக்கீங்க. போகலாம்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. சந்தேகம் வந்தது, கேட்கவில்லை என்றேன்.

"ஏன் கேக்கல?"

"வரைஞ்சது எங்கக்கா. அவங்களோட எனக்குப் பேச்சுவார்த்தை இல்ல."

பேனாவை எடுத்தார், வைத்தார். படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "இதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?" என்றார், கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கடைசியில் எழுதவில்லை. காரணம் என்ற இடத்தில் "வரைபடப் பிழை" என்று போட்டு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். என் பங்கையும் சேர்த்து எழுதச் சொன்னேன். "அதுக்கெல்லாம் சட்டத்துல இடமில்லைங்க" என்று அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார். போட்டுவிட்டு வந்தேன்.

வெளியே நடையில் ஒரு பெஞ்சில் நர்ஸின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர் இருப்பார். அந்த அறைக் கதவு சரியாகச் சாத்தாது, உள்ளே பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. நான் தாண்டிப் போகப் பார்த்தேன். "ஒரு நிமிஷம்" என்றார். அடிக்கப்போகிறார் என்று நினைத்து நின்றேன். அடித்திருக்கலாம்.

"அன்னைக்கு போன் பண்ணியிருந்தா உங்கக்காகிட்ட என்ன கேட்டிருப்பீங்க?"

"பதினாலாம் ஷீட்ல நடுவுல இரண்டரைன்னு இருக்கே, சரியான்னு கேட்டிருப்பேன்."

"அவங்க என்ன சொல்லியிருப்பாங்க?"

"பார்த்துட்டு, இல்லடா ஆறுன்னு சொல்லியிருப்பாங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு என்னிடம் சொல்வது போலவும் இல்லை, தனக்குத்தானே சொல்வது போலவும் இல்லை, "எங்களுக்குள்ள எவ்வளவு சண்டைன்னாலும் போனை மட்டும் எடுத்துடுவா. திட்டறதுக்காவது எடுப்பா" என்றார்.

தம்பி